முழங்கை இடித்தால் சுண்டுவிரலில் ஏன் ஷாக் அடிக்கிறது? தொட்டுப் பார்க்கலாம்

மாட்டுங்காவில் லோக்கல் ரயில் ஏறி தாதரில் இறங்கும்போது, கூட்டத்தின் தள்ளலில் என் முழங்கை கதவோரக் கம்பியில் மோதியது. இடித்தது முழங்கையில், சுரீரென்றது சுண்டுவிரலில். "எலும்பில் அடியா, சித்தி?" என்று பதறினாள் அக்கா மகள். எலும்பு இல்லை, நரம்பு. அன்று மாலை அவளுக்குக் காட்டியதை அப்படியே எழுதுகிறேன்.

முதல் படி: இடது கையைப் பாதி மடக்கி, உள்ளங்கை முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். முழங்கையின் கூரான முனையைத் தொடுங்கள். அங்கிருந்து விலாப் பக்கமாக விரலை நகர்த்தினால் இன்னொரு எலும்புப் புடைப்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது.

இரண்டாம் படி: அந்தப் பள்ளத்தில் விரல் நுனியைக் குறுக்காக, மிக மெதுவாக உருட்டுங்கள். தடித்த நூல்கயிறு போல ஒன்று நழுவும். சுண்டுவிரலில் லேசாகக் குறுகுறுக்கும். அதுதான் அல்நார் நரம்பு. கண்டுபிடித்ததும் விட்டுவிடுங்கள், அழுத்தக் கூடாது.

கழுத்தடியில் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் இந்த நரம்பு, கையில் பெரும்பாலும் தசைகளின் பாதுகாப்பில்தான் வருகிறது. இந்தப் பள்ளத்தில் மட்டும் மேலே தோலும் கொஞ்சம் கொழுப்பும், கீழே எலும்பு. கம்பியில் இடித்தால் நடுவில் நரம்பு நசுங்குகிறது. விரல்களின் செய்தியை மூளைக்குச் சுமந்து செல்லும் நார்கள் அவை. பாதி வழியில் கிளம்பிய செய்தியையும் மூளை விரலிலிருந்து வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் படி, அடுத்த முறை இடிக்கும்போது: மோதிரவிரலைக் கவனியுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சுண்டுவிரலை ஒட்டிய பாதி மட்டுமே விறுவிறுக்கும். மறுபாதி வேறொரு நரம்பின் எல்லை. அக்கா மகள் தன் மோதிரவிரலின் நடுவே பேனாவால் ஒரு கோடே போட்டுக்கொண்டாள்.

இடித்தவுடன் கையை நீட்டித் தளர்வாக விடுங்கள். சற்று நேரத்தில் அடங்கிவிடும். கையை மடக்கும்போது நரம்பு இழுபடுகிறது, பள்ளமும் இறுகுகிறது. அதனால்தான் கைபேசியைக் காதில் வைத்து நெடுநேரம் பேசினாலும், கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்கினாலும் சுண்டுவிரல் மரத்துப்போகிறது. மரமரப்பு நாள்கணக்கில் நீடித்தாலோ, பிடி தளர்ந்து கையிலிருந்து பொருள்கள் நழுவினாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.