கேஸ் பாய்லரோடு விறகு ஸ்டவ்வை இணைப்பது எப்படி? (இங்கிலாந்து வீடுகளுக்கு)

கேஸ் பாய்லரை நிறுத்தினால் தீ உடனே அணையும். விறகு அப்படியல்ல, கரண்ட் போய் பம்ப் நின்றாலும் எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சூட்டுக்குப் போக்கிடம் இல்லையென்றால் நீர் கொதித்து ஸ்டவ்வின் நீர்ப்பெட்டியே வெடிக்கலாம். அதனால் ஸ்டவ் பக்கம் திறந்த அமைப்பாகவே, அதாவது அழுத்தம் வெளியேற மேலே திறந்த வழியோடு, இருக்கட்டும்.

1. இரண்டும் சந்திக்கும் இடமாக ஒரு வெப்பச் சேமிப்புத் தொட்டி வையுங்கள். ஸ்டவ் நீர் நேரே தொட்டிக்குள் சுற்றும். மூடிய அழுத்தத்தில் ஓடும் கேஸ் பாய்லர் நீர் உள்ளிருக்கும் குழாய்ச் சுருள் வழியே மட்டும் போகும். தொட்டிக்குப் பதிலாக, இரண்டையும் சேர்க்கும் இணைப்புப் பெட்டிகளும் கிடைக்கின்றன. இடம் இருந்தால் தொட்டிக்கே என் ஓட்டு.

2. ஸ்டவ்வில் நான்கு துளைகள் இருந்தால் இரண்டு பம்புக்கு, இரண்டு பம்ப் இல்லாமல் சூட்டினால் நீர் தானாக ஓடும் சுற்றுக்கு. பம்ப் நின்றால் சூடு இதன் வழியே மாடியில் உள்ள ஒரு ரேடியேட்டருக்குப் போகும். இந்தச் சுற்றுக்கு 28 மி.மீ. செம்புக் குழாய். ஸ்டவ் அருகே பிளாஸ்டிக் கூடவே கூடாது.

3. பலர் சறுக்கும் இடம் இதுதான். தானாக ஓடும் சுற்றின் சூடான குழாய் ஸ்டவ்விலிருந்து அந்த மாடி ரேடியேட்டர் வரை விடாமல் ஏற வேண்டும். ஜாயிஸ்ட்டை (தளத்தைத் தாங்கும் மரச்சட்டம்) தாண்ட ஓரிடத்தில் சற்றே இறக்கினாலும் அதற்கு முந்தைய மேட்டில் காற்று தங்கி ஓட்டம் நின்றுவிடும். ஒவ்வொரு துண்டிலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். எல்போவை விட வளைத்த குழாய் மேல், தடை குறையும். அந்த ரேடியேட்டரில் தெர்மோஸ்டாட் வால்வு வேண்டாம். கைப்பிடி வால்வும் வேண்டாம், யாராவது மூடிவிடுவார்கள்.

4. இதே குழாயின் உச்சியிலிருந்து குறைந்தது 22 மி.மீ. காற்றுக்குழாய், மேலேயுள்ள நிரப்புத் தொட்டிக்கு. நடுவில் எந்த வால்வும் இருக்கக் கூடாது. அந்த நிரப்புத் தொட்டி கொதிநீர் தாங்குவதாக இருக்கட்டும்.

5. பம்ப் சுற்றில் லோடிங் வால்வு, அதாவது ஸ்டவ்வுக்குக் குளிர்ந்த நீர் திரும்பாமல் சூடான நீரைக் கலந்து அனுப்பும் வால்வு. ஸ்டவ்வுக்குத் திரும்பும் நீர் 55 டிகிரிக்குக் கீழே போனால் நீர்ப்பெட்டியில் தார் படியும், துரு பிடிக்கும். கண்ணாடி கறுப்பதற்கு ஈர விறகோடு இதுவும் ஒரு காரணம்.

6. குழாயில் மாட்டும் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரிக்கு அருகில் வைத்தால் ஸ்டவ் சூடேறிய பிறகே பம்ப் ஓடும்.

பின்சேர்க்கை: பம்ப் ஓடும்போது காற்றுக்குழாய் வழியே நிரப்புத் தொட்டியில் நீர் கொட்டினால் முதலில் பம்ப் வேகத்தைக் குறையுங்கள். அப்படியே விட்டால் நீரில் காற்று கலந்து ரேடியேட்டர்களில் துருச்சேறு சேரும்.

கேஸ் வேலையை கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்வோரின் பதிவேடு) பதிவு உள்ளவரே செய்ய வேண்டும். ஸ்டவ்வுக்கு ஹீட்டாஸ் (விறகு ஸ்டவ் பொருத்துவோரைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு உள்ளவரை அழையுங்கள். இல்லையென்றால் உள்ளூர் கட்டட ஆய்வுப் பிரிவுக்கு வேலை தொடங்கும் முன்பே தெரிவியுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் அதே அறையில் மாட்டியபின் முதல் தீ மூட்டுங்கள். சிறு தீயாக மூட்டி, பம்பை நிறுத்திவிட்டு மாடி ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடேறவில்லையென்றால் தீயை அணையவிட்டு, மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.