புரூட் ஒயினும் நெத்திலி வறுவலும்

இனிப்புக் குறைந்த ஸ்பார்க்ளிங் ஒயினை, அதாவது குமிழி பொங்கும் ஒயினைத் தேடுவோர் லேபிளில் ‘புரூட்’ என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை உள்ளதையே அப்படிக் குறிப்பிடுகிறார்கள். ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்பதில் 12 முதல் 17 கிராம் வரை இருக்கும் என்பதால், ‘டிரை’ (இனிப்பற்றது) என்ற பெயரை நம்பி அதை வாங்கியவருக்கு இனிப்புக் கூடுதலான ஒயின்தான் கிடைக்கும். பிரான்சின் ஷாம்பெயின், ஸ்பெயினின் காவா ஆகியவற்றைப் போலவே நாசிக்கில் தயாராகும் சுலாவிலும் புரூட் வகை உண்டு.

சென்னை வெப்பத்தில் இந்த ஒயினைக் கெடுப்பது பெரும்பாலும் போதாத குளிர்ச்சிதான். 6 முதல் 10 டிகிரி செல்சியஸில் பரிமாற வேண்டும். அதற்குப் பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பிய வாளியில் பாட்டிலை அரை மணி நேரம் வைத்தால் போதும். தண்ணீர் பாட்டிலை முழுவதும் தழுவி நிற்பதால், வெறும் ஐஸைவிட விரைவாகக் குளிரும். ஷாம்பெயின் பாட்டிலுக்குள் 5, 6 வளிமண்டல அழுத்தம் இருக்கும். ஆகவே கார்க்கைக் கட்டியிருக்கும் கம்பியைத் தளர்த்திய கணத்திலிருந்து கார்க்கின் மேலிருந்து கையை எடுக்காமல், பாட்டிலை யார் முகத்துக்கும் நேராக இல்லாதபடி சாய்த்து, கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலை மெல்லத் திருக வேண்டும்.

உடன் பரிமாற உப்பும் எண்ணெயும் உள்ள பண்டங்களே மிகப் பொருத்தம். ஒயினின் புளிப்பும் குமிழியும் நாக்கில் படிந்த எண்ணெயைக் கழுவிவிடுவதால், அடுத்த வாய்க்கும் பண்டம் முதல் வாயைப் போலவே ருசிக்கும். காசிமேட்டில் காலையில் வாங்கிய நெத்திலியை உப்பு, மிளகு, சிறிது அரிசி மாவு சேர்த்து மொறுமொறுவென வறுத்துச் சூடாகத் தருவதற்கு இணையாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. மீன் உண்ணாதவர்களுக்கு மெதுவடையும், காரமில்லாத தேங்காய்ச் சட்னியும், முந்திரி பக்கோடாவும் குறைவின்றிப் பொருந்தும். மிளகாய்த் தூளை மட்டும் அடக்கி வையுங்கள்; குமிழியும் ஆல்கஹாலும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டிவிடும். வத்தக்குழம்பு போன்ற புளிக்குழம்புகளுக்கு முன்னால் ஒயினின் மென்மையான மணம் நிற்காது என்பதால், சாப்பாட்டுக்கு முன்பே இதைப் பரிமாறி முடித்துவிடுவது நல்லது.

மைசூர்பாகு, ஜாங்கிரி ஆகியவற்றுடன் புரூட் வெறும் புளிப்பாகவே தெரியும். இனிப்போடு ஒயின் வேண்டுமென்றால் லிட்டருக்கு 32 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள ‘டெமி செக்’ வகையைத் தனியே வாங்கி வையுங்கள்.