72 மேளகர்த்தா: அட்டவணைக்கு முன் தம்புரா

பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு இசையியல் எடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. மேளகர்த்தா (கர்நாடக இசையின் 72 தாய் ராகங்கள்) பாடத்தை 72 கட்டம் போட்ட அட்டவணையோடு தொடங்காதீர்கள். தம்புராவைப் போட்டுவிட்டு எல்லோரையும் சங்கராபரணம் (அட்டவணையில் 29ஆவது ராகம்) பாடச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரத்தை மட்டும் மாற்றுங்கள். காகலி நிஷாதத்தை (உயர்ந்த ‘நி’) அதற்கு ஒரு படி கீழான கைசிகியாக்கினால் ஹரிகாம்போஜி (28). அதில் அந்தர காந்தாரத்தை (உயர்ந்த ‘க’) ஒரு படி இறக்கிச் சாதாரண காந்தாரமாக்கினால் கரகரப்ரியா (22). ஒவ்வொரு மாற்றத்திலும் ஐந்து நிமிடமாவது நின்று பாடட்டும். சாதாரண காந்தாரத்தைக் அசைவு இல்லாமல், தட்டையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) சேர்ந்தால் புதியவர்களுக்கு ஸ்வரஸ்தானம் பிடிபடாது.

மறுபடி சங்கராபரணத்துக்கு வந்து மத்யமத்தை (‘ம’) மட்டும் ஒரு படி உயர்த்திப் பிரதியாக்குங்கள். மேசகல்யாணி (65). 29க்கும் 65க்கும் 36 வித்தியாசம் ஏன் என்று அவர்களே கேட்பார்கள். சக்கரத்தையும் (ஆறு ராகங்கள் கொண்ட தொகுதி) வேங்கடமகி வகுத்த முறையையும் விளக்க அதுதான் சரியான நேரம்.

கடபயாதியில் (ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளிலிருந்து அதன் எண்ணைக் கண்டுபிடிக்கும் முறை) ஒரு கவனம். சங்கராபரணத்தின் மேளப் பெயர் தீரசங்கராபரணம்; தமிழ் எழுத்தில் ‘தீர’ என்று எழுதினால் அந்தத் ‘தீ’ 6ஆ, 7ஆ, 8ஆ, 9ஆ என்று தெரியாது. நான்காம் தகரம் என்று பக்கத்தில் குறித்துக்கொடுங்கள்; 9, 2 வரும், திருப்பினால் 29.

தேர்விலும் பெயர்ப் பட்டியல் கேட்க வேண்டாம். எண்ணைக் கொடுத்து, ஸ்வரங்களைக் கண்டுபிடித்துப் பாடச் சொன்னால் போதும்.