பேக்எண்ட் வரும் முன்னே திரையைக் கட்டுவோம்: கொழுந்துக் கணக்குச் செயலிக்கு ஒரு போலி ஏபிஐ

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் வீட்டில் இருந்தபடியே கொழும்புக் குழுக்களோடு வேலை செய்யத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். திரை வேலை உங்கள் கையில், சர்வர் வேலை (பேக்எண்ட்) இன்னொருவர் கையில். அவர் முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சர்வர் தரப்போகும் பதிலை உங்கள் கணினியே தருமாறு செய்துகொண்டால் இன்றைக்கே தொடங்கலாம். திரை சர்வரோடு பேசும் வழிக்கு ஏபிஐ என்று பெயர், இது அதன் போலி. எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே ஓடுவதால், தேவையானதை ஒருமுறை இறக்கிக்கொண்ட பிறகு மழைக்கு சிக்னல் போனாலும் வேலை நிற்காது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கணக்குப்பிள்ளை பதிவு செய்யும் செயலி ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரு திரை, ஒரு பட்டியல்: யார், எந்த மலை (கொழுந்து எடுத்த தேயிலைப் பகுதி), எத்தனை கிலோ.

1. முதலில் பதிலின் வடிவம்

கோட் எழுதுவதற்கு முன்னால் சர்வர் பக்கம் செய்பவரோடு பேசுங்கள். ஒரு பதிவில் என்னென்ன இருக்கும், எது எண், எது எழுத்து, எது காலியாக வரலாம் என்று முடிவு செய்து இருவரும் பார்க்கும் ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். இந்தப் பேச்சைத் தவிர்த்தால் பின்னால் இரட்டை வேலைதான். நம் பதிவு இப்படி இருக்கட்டும்:

```
{
  "கொழுந்து": [
    {
      "ஐடி": "1",
      "பெயர்": "மு. செல்லம்மா",
      "டிவிசன்": "மேல் டிவிசன்",
      "மலை": "8",
      "நிறை": 9.5,
      "கழிவு": 1,
      "பேர்": "அரை"
    }
  ]
}
```

படிக்க வசதியாக இங்கே தமிழில் போட்டிருக்கிறேன். பேர் என்பது அன்றைய வேலைக்குப் போடும் நாள் கணக்கு, முழுப் பேர் அல்லது அரைப் பேர். உங்கள் கோப்பில் இடப்பக்கத்துப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள், குறிப்பாக ஐடி என்பதை. வலப்பக்கத்து மதிப்புகள் தமிழிலேயே இருக்கட்டும். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பதைத் தனியாக வைத்திருப்பதைக் கவனியுங்கள். நிறுத்தது எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்பது கொழுந்து எடுத்தவருக்குத் திரையில் தெரிய வேண்டும். கழித்த பிறகு வரும் எண்ணை மட்டும் காட்டும் திரை அவருக்கு நியாயமான திரை இல்லை.

2. ஜேசன் சர்வரை ஓடவிடுதல்

ஜேசன் சர்வர் என்பது ஒரு கோப்பில் உள்ள தரவை ஏபிஐ போலத் தரும் சிறு கருவி. அதற்குக் கணினியில் நோட் ஜேஎஸ் (Node.js) இருக்க வேண்டும். மேலே உள்ளதை டிபி டாட் ஜேசன் (db.json) என்ற பெயரில் சேமியுங்கள். அதே ஃபோல்டரில் டெர்மினலைத் திறந்து என்பிஎக்ஸ், ஜேசன்-சர்வர், பிறகு கோப்பின் பெயர் என்று இடைவெளி விட்டு ஒரே வரியில் கொடுங்கள் (npx json-server db.json). லோக்கல்ஹோஸ்டில், அதாவது உங்கள் கணினியிலேயே, 3000ஆம் போர்ட்டில் (localhost:3000) சர்வர் எழும்பிவிடும். பிரவுசரில் அந்த முகவரிக்குப் பின்னால் பட்டியலின் பெயரைச் சேர்த்தால் முழுப் பட்டியலும் வரும், ஐடியையும் சேர்த்தால் ஒரு பதிவு மட்டும் வரும்.

கெட் (கேட்க), போஸ்ட் (சேர்க்க), புட், பேட்ச் (மாற்ற), டிலீட் (அழிக்க) எல்லாம் வேலை செய்யும். நீங்கள் சேர்ப்பதும் அழிப்பதும் அந்தக் கோப்பிலேயே எழுதப்படும் என்பதால் அதை மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) போட்டுவையுங்கள், பழைய நிலைக்குத் திரும்புவது சுலபம். திரை கட்ட நெக்ஸ்ட் ஜேஎஸ் (Next.js) பயன்படுத்தினால் அதுவும் 3000ஆம் போர்ட்டைத்தான் கேட்கும், அப்படியானால் சர்வருக்கு வேறு போர்ட் கொடுங்கள். பக்கம் பக்கமாகப் பிரித்துக் கேட்கும் முறை பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. வலையில் கிடைக்கும் பழைய விளக்கம் வேலை செய்யாவிட்டால் முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

3. தரவு நம்ம ஆட்களைப் போல இருக்கட்டும்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஃபேக்கர் (Faker) என்ற நூலகம் நொடியில் ஐந்நூறு பதிவு உருவாக்கித் தரும். ஆனால் அதை அப்படியே ஓடவிட்டால் வருவது அமெரிக்கப் பெயரும் அமெரிக்கத் தெரு முகவரியும். அதை வைத்துக் கட்டிய திரை அழகாகத்தான் இருக்கும். தோட்டத்துக்குக் கொண்டுபோன அன்றைக்கு உடையும்.

முகவரியைப் பாருங்கள். லயனில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருப்பவருக்குத் தெருப் பெயரும் கிடையாது, பல இடங்களில் வீட்டு இலக்கமும் கிடையாது. டிவிசன், தோட்டத்தின் பெயர், தபால் போகும் ஊர், அவ்வளவுதான். தெருப் பெயர் கட்டாயம் என்று சொல்லும் படிவத்தை அவர் எப்படித் தாண்டுவார்? பெயரும் அப்படித்தான். ஒருவருக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு ஒரே பெயர், இன்னொருவருக்கு நாலு சொல் நீளம். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்தால் இரண்டாவதில் எதைப் போடுவது? தமிழ் எழுத்து அகலமாக விழும் என்பதால் பட்டன்களும் அட்டவணையும் பிதுங்குகிறதா என்பதும் நீளமான பெயர்களில்தான் தெரியும்.

தேசிய அடையாள அட்டை இலக்கம் பழையதில் ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். உங்கள் தரவில் இரண்டும் கலந்திருக்க வேண்டும். பழைய இலக்கத்தில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். அந்த மூன்றையும் 000 என்று போட்டால் அது உண்மையான ஒருவரின் இலக்கமாக அமையாது.

செய்முறை சுலபம். பெயர்கள், டிவிசன்கள், மலை நம்பர்கள் என்று மூன்று பட்டியலை நீங்களே எழுதுங்கள். ஃபேக்கரின் அரே எலிமெண்ட் (arrayElement) என்ற ஃபங்ஷன் அவற்றில் இருந்து ஒன்றை எடுத்துத் தரும். நிறைக்கு எண் உருவாக்கும் ஃபங்ஷன் இருக்கிறது. சீட் (seed) என்ற ஃபங்ஷனுக்கு ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் அதே தரவு வரும், இல்லாவிட்டால் நேற்றுப் பார்த்த பிழை இன்றைக்குக் காணாமல் போய்விடும். அப்புறம் கையாலேயே சில சங்கடமான பதிவுகளைச் சேருங்கள்: நிறை 0, நிறையே இல்லாதது, மிக நீண்ட பெயர்.

அவசரத்துக்கு யாராவது உண்மையான செக்ரோலை (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டை) கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் இருப்பது உழைக்கிறவர்களின் சம்பள விவரம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது செய்யக்கூடாத காரியம்.

4. முகவரி ஒரே இடத்தில்

சர்வர் முகவரியை ஒவ்வொரு கோப்பிலும் எழுதாமல், அமைப்புகளை வைக்கும் என்வ் (.env) கோப்பில் ஒருமுறை வைத்து, அங்கிருந்து எடுங்கள். உண்மையான ஏபிஐ வந்ததும் மாற்றுவது அந்த ஒரு வரிதான்.

5. கெட்ட நாளையும் உருவாக்குங்கள்

ஜேசன் சர்வர் எப்போதும் உடனே, சரியாகப் பதில் சொல்லும். மலையில் நெட்வொர்க் அப்படியா இருக்கிறது? மலை உச்சியில் ஒரு கோடு, பள்ளத்தில் இறங்கினால் அதுவும் இல்லை. ஆகவே எம்எஸ்டபிள்யூ (MSW) என்ற கருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது பிரவுசரின் பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கர் மூலம் பிரவுசரிலேயே கோரிக்கையைப் பிடித்து, நீங்கள் சொன்ன பதிலைத் திருப்பித் தரும். அதன் இனிட் (init) கட்டளையைக் கொடுத்தால் தேவையான கோப்பைப் பப்ளிக் ஃபோல்டரில் வைத்துவிடும்.

நாலு நிலைமைகளை எழுதிப் பாருங்கள். ஐந்து நொடி தாமதம், காலியான பட்டியல், சர்வர் பக்கத்து 500 பிழை, இணைப்பே இல்லாமை. தாமதத்தின்போது கணக்குப்பிள்ளை பொறுமையிழந்து சேமி பட்டனை இரண்டாம் தடவை அழுத்தினால் ஒரே சாக்கு இரண்டு தடவை பதிவாகிறதா? இணைப்பு அறுந்தால் அவர் தட்டிய எண் திரையில் அப்படியே நிற்கிறதா, அழிந்துபோகிறதா? நிறுத்த கொழுந்து லொறியில் ஏறிய பிறகு அந்த எண்ணைத் திரும்ப எங்கே தேடுவது? இந்த இரண்டும் சரியாகும்வரை நிறத்தையும் எழுத்துருவையும் தொடாதீர்கள்.

6. உண்மையான ஏபிஐ வந்ததும்

என்வ் கோப்பில் முகவரியை மாற்றி ஓடவிடுங்கள். எங்காவது உடைந்தால் முதல் படியில் எழுதிவைத்த வடிவத்தோடு பதிலை ஒப்பிடுங்கள், யார் பக்கம் மாறியது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எம்எஸ்டபிள்யூ கோட்டை அழிக்காதீர்கள், டெஸ்ட் எழுதும்போது அதே நிலைமைகள் உதவும். ஆனால் டெவலப்மென்ட் நிலையில் மட்டும் அது தொடங்கும்படி ஒரு நிபந்தனை போட்டு, பில்ட் (வெளியிடும் பதிப்பு) எடுத்த பிறகு ஒருமுறை திறந்து பாருங்கள். போலிச் செல்லம்மா பட்டியலில் வந்தால் அந்த நிபந்தனை வேலை செய்யவில்லை.