'எஃப்சி கரண்ட்' என்ற சொல்லை நம்பிக் கார் வாங்காதீர்கள்

"சிங்கிள் ஓனர், எஃப்சி கரண்ட், இன்சூரன்ஸ் லைவ்." கடலூரிலோ புதுச்சேரியிலோ பழைய கார் விற்கும் ஆட்டோ கன்சல்டிங் பக்கம் போனால் இந்த வரி காதில் விழாமல் இருக்காது. எஃப்சி என்பது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று; 'கரண்ட்' என்றால் அது இன்னும் காலாவதியாகவில்லை. மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கார் எவ்வளவு ஓடியது, எங்கே இடிபட்டது, எந்த மழையில் மூழ்கியது என்பதை இந்த மூன்றில் ஒன்றுகூடச் சொல்லாது. வருடக்கணக்காகச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதல் தவறு, எஃப்சி தேதியைப் பரிசோதனை என்று நினைப்பது. ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்கான காரின் ஆர்சி (பதிவுச் சான்று), பதிவான நாளிலிருந்து 15 ஆண்டுகள் செல்லும். அதுவரை வண்டியை ஆர்டிஓ ஆபீஸில் நிறுத்தி எஃப்சி காட்ட வேண்டிய கட்டாயம் கிடையாது. 2017-இல் பதிவான காருக்கு "2032 வரை எஃப்சி இருக்கு" என்று ஒருவர் சொன்னால், இடையில் எந்த ஆய்வாளரும் அதன் பிரேக்கைப் பார்த்தார் என்று பொருள் இல்லை. வண்டி புதிதாக இருந்தபோது போட்ட தேதி அது. 15 ஆண்டு முடிந்த பிறகுதான் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துத் தருவார். டாக்ஸியாக ஓடும் டி போர்டு வண்டிக்குக் கணக்கே வேறு: எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு எஃப்சி, அப்புறம் வருடா வருடம்.

ஆக, ஓன் போர்டு காருக்கு அரசு எழுதிவைத்த பரிசோதனை வரலாறு என்று தனியாக ஒன்று இல்லை. சர்வீஸ் பில், இன்சூரன்ஸ், ஆன்லைன் பதிவு என்று சிதறிக் கிடப்பதிலிருந்து நாம்தான் அதைத் திரட்ட வேண்டும்.

புகைச் சான்றை வைத்தும் பலர் திருப்திப்பட்டுவிடுகிறார்கள். அது சைலன்ஸர் புகையை மட்டும் அளப்பது. பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகளுக்கு ஓராண்டு, அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதம் செல்லும். எஞ்சின் நலமா, சேஸிஸ் (அடிச்சட்டம்) நேராக இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்து முடிவெடுப்பது அடுத்த தவறு. மீட்டரைக் குறைத்து வைக்க முடியும். பல ஆண்டு சர்வீஸ் பில்கள் எல்லாவற்றையும் மாற்றி எழுதுவது அவ்வளவு எளிதல்ல. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதும் தேதியோடு கிலோமீட்டரையும் பதிவார்கள். விற்பவரையே கூட்டிக்கொண்டு அங்கே போய் அந்தப் பட்டியலைக் கேளுங்கள். உரிமையாளர் உடன் இருந்தால் கேட்பது சுலபம். எண்கள் ஏறிக்கொண்டே வர வேண்டும். 2021-இல் 82,000 என்று இருந்து, இன்று மீட்டர் 61,000 காட்டினால் பேச்சு அங்கேயே முடிந்தது. பட்டியல் நடுவில் நின்றுபோயிருந்தால், அதற்குப் பிறகு வெளியில் யாரிடம் வேலை பார்த்தார்கள் என்று கேளுங்கள். வெளி மெக்கானிக்கிடம் போவது குற்றமில்லை. பில்லும் இல்லை, மெக்கானிக் பெயரும் நினைவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் காகிதத்தில் எல்லோரும் பார்ப்பது முடியும் தேதியை. எனக்கு முக்கியமாகப் படுவது நோ கிளெய்ம் போனஸ் என்று போட்டிருக்கும் இடம். கிளெய்ம் இல்லாமல் கழிகிற ஒவ்வொரு ஆண்டுக்கும் இந்தத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். கிளெய்ம் எடுத்தால் பெரும்பாலும் அடுத்த பாலிசியில் பூஜ்யம்தான். ஒரே கையில் ஏழு ஆண்டு இருந்த கார், 'சின்ன கீறல்கூட இல்லை' என்கிறார்கள், பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்று இருக்கிறது. ஏன்? நடுவில் பாலிசியைக் கட்டாமல் விட்டிருக்கலாம். இல்லை, முந்தைய ஆண்டு அடிபட்டு கிளெய்ம் வாங்கியிருக்கலாம். அதனால் நடப்புப் பாலிசியோடு விடாமல் கடைசி மூன்று ஆண்டுப் பாலிசிகளையும் கேளுங்கள். வெறும் தேர்டு பார்ட்டி (எதிராளியின் இழப்புக்கு மட்டுமான பாலிசி) மட்டும் இருந்தால் இந்தத் தடயம் கிடைக்காது.

நம் பகுதிக்கு வெள்ளம் தனிக் கவலை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்க் கரையோரப் பகுதிகளுக்குள் புகுந்தது. சர்வீஸ் பட்டியலில் 2024 டிசம்பர், 2025 ஜனவரிப் பதிவுகளை நிதானமாகப் படியுங்கள். கார்பெட் மாற்றியது, சீட் கழற்றியது, கம்ப்யூட்டர் யூனிட் மாற்றியது என்று வரிசையாக வந்தால் கதை புரிந்துவிடும். வெளியூர் நம்பர் என்பதால் நிம்மதி அடையவும் முடியாது. சென்னையில் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டி இங்கே விற்பனைக்கு வந்திருக்கலாம். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து, கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி இருக்கும் குழியைத் திறந்து பாருங்கள். கடலோரத்தில் நிற்கும் காருக்கு அடிப்பாகத்திலும் சக்கரத்தின் மேல் வளைவிலும் துரு ஏறுவது சகஜம். ஆனால் கதவை மூடிவைத்த காருக்குள் சீட் தண்டவாளமும் அதன் போல்ட்டுகளும் துருப்பிடித்திருந்தால் உப்புக் காற்றின் மேல் பழி போட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நீங்களே நம்பரைப் போட்டுப் பாருங்கள். விற்பவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் போதாது. வாகன வகை, எத்தனையாவது உரிமையாளர், கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர், கறுப்புப் பட்டியல், அபராதம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கடன் முடிந்துவிட்டது என்று சொன்னாலும், வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), கடன் பெயரை நீக்கக் கோரும் படிவம் 35-ம் கொடுத்து நீக்காதவரை ஆர்சியில் அந்தப் பெயர் அப்படியே நிற்கும்.

கடலூர், புதுச்சேரி ஆட்கள் அதிகம் கோட்டை விடுவதாக நான் கருதுவது நம்பர் மாறிய வண்டிகளில். இன்று டிஎன்-31 (கடலூர்) என்று ஓடும் கார் சில ஆண்டுக்கு முன் பிஒய்-01 (புதுச்சேரி) ஆக இருந்திருக்கலாம். புது நம்பரை மட்டும் போட்டுத் தேடினால் பழைய காலத்துச் சர்வீஸ், பாலிசி, அபராதம் கண்ணில் படாமல் போகலாம். பழைய நம்பரைக் கேட்டு வாங்கி அதிலும் தேடுங்கள்; சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். நம்பர் மாறினாலும் சேஸிஸ் எண் மாறாது. வண்டியில் பொறித்திருப்பதும் ஆர்சியில் இருப்பதும் ஓர் எழுத்து விடாமல் ஒத்துப்போக வேண்டும்.

பழைய கார் விற்கும் நிறுவனங்கள் நீளமான இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் தருகின்றன. அதைப் படிக்கலாம், தேதியையும் பார்க்கலாம். ஆனால் விற்பவர் தரப்பில் எழுதியது அது. உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்குக் கூலி கொடுத்து, லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 'இப்பவே இன்னொருத்தர் அட்வான்ஸ் தரத் தயாரா இருக்கார்' என்று அவசரப்படுத்தினால் அவருக்கே போகட்டும்.

15 வயதை நெருங்கும் காருக்கு விலை பேசும்போது, 2022 ஏப்ரல் முதல் 600-லிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்த பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தையும், பசுமை வரியையும், எஃப்சிக்கு முன் செய்ய வேண்டிய டிங்கரிங், பெயிண்ட் செலவையும் கழித்துப் பேசுங்கள். புதுச்சேரி வண்டியைக் கடலூர்க்காரர் வாங்கினால் படிவம் 28-இல் என்ஓசி வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். பிஒய் நம்பரிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது நம்பர் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. அட்வான்ஸ் ரசீதில் சேஸிஸ் எண், அன்றைய கிலோமீட்டர், என்ஓசி கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும் என்ற வரி மூன்றையும் எழுதி, விற்பவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.