சரவாங்கி: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

போன வாரம் மூட்டுவாதப் பிரிவில் டாக்டருக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைப் பொட்டலத்தை எடுத்துக் காட்டி, "இதைச் சாப்பிட்டா மூணே நாள்ல வலி போயிடுதுக்கா, அப்புறம் எதுக்கு இத்தனை டெஸ்ட்?" என்று கேட்டாள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் என் பையிலும் அப்படி ஒரு பொட்டலம் இருந்தது. மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுங்கள், எடையைக் குறையுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வலி போனால் நோயும் போனது என்று நம்புவது

எனக்குச் சரவாங்கி, அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், வந்தது 38 வயதில். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. இட்லித் துணியைப் பிழிய முடியாது, பையனுக்குச் சட்டைப் பட்டன் போட முடியாது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் கை இளகும். இரண்டு கையிலும் விரல் முட்டிகளும் மணிக்கட்டும் ஒரே மாதிரி வீங்கியிருந்தன. வேலை அதிகம் என்று நினைத்து, மருந்துக்கடை வலி மாத்திரையிலேயே எட்டு மாதம் ஓட்டினேன். அப்புறம் யாரோ சொல்லி ஒருவரிடம் பொடி வாங்கினேன். மூன்றாம் நாள் மாடிப்படியில் விறுவிறுவென்று ஏறினேன். முகம் உப்பியது. "உடம்பு நல்லா தேறிட்டே" என்றார்கள் சொந்தக்காரர்கள். கடைசியில் மூட்டு டாக்டரிடம் போனபோது, முகத்தையும் சர்க்கரை அளவையும் பார்த்துவிட்டு, பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார்.

இந்த நோயில் நம் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து, குருத்தெலும்பையும் பக்கத்து எலும்பையும் அரிக்கிறது. வலி மாத்திரைக்கு அந்த அரிப்பை நிறுத்தத் தெரியாது. பலருக்கு முதல் இரண்டு வருஷத்துக்குள்ளேயே எலும்பு அரிக்கத் தொடங்கிவிடும். அந்த இரண்டு வருஷத்தைத்தான் நான் வலி மாத்திரைக்கும் பொடிக்கும் கொடுத்தேன். என் வலது கை விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. இனி எந்த மருந்தும் அவற்றை நேராக்காது. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க ஆள் தேடும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஸ்டீராய்டே கூடாது என்று சொல்லவில்லை. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், இந்த நோயால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஊசியை நிறுத்தினால் வலி திரும்பியது, தொடர்ந்தால் பக்கவிளைவுகள் வந்தன. இன்று மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள்தான் நோயை உள்ளே அடக்குகின்றன. அவை பிடிக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க டாக்டர் ஸ்டீராய்டை அளந்து கொடுப்பார், பிறகு படிப்படியாகக் குறைப்பார். அளவே தெரியாமல் மாதக்கணக்கில் விழுங்கினால் எலும்பு பலமிழக்கும், சர்க்கரை ஏறும்.

ஏற்கெனவே பொடி சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயந்து சட்டென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும், அதனால் ஆபத்து வரலாம். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் சாப்பிடுவது

வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் சாப்பிட்டால் உயிர் போகலாம்.

ஆர்.ஏ. ஃபேக்டர் நெகடிவ் என்று நிம்மதியாக இருப்பது

நோய் இருக்கும்போதே இந்த ரத்தச் சோதனை நெகடிவாக வரலாம். நோயில்லாத வயதானவர்களுக்குப் பாசிட்டிவாகவும் வரும். சிக்குன்குனியாவுக்குப் பிறகு வரும் மூட்டுவலியும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். ஆன்டி சி.சி.பி., சி.ஆர்.பி. என்ற இரண்டு ரத்தச் சோதனைகளையும் பார்த்து, மூட்டையும் தொட்டுப் பார்த்துத்தான் டாக்டர் முடிவுசெய்வார்.

காரணத்தைச் சாப்பாட்டில் தேடுவது

உருளைக்கிழங்கால் வந்த நோய் இல்லை இது. பரம்பரைக்குப் பங்கு உண்டு, புகைப்பழக்கத்துக்கும் உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது.

குழந்தை ஆசையை டாக்டரிடம் சொல்லாமல் இருப்பது

மெத்தோட்ரெக்சேட் கருவைப் பாதிக்கும். கர்ப்பத்துக்குச் சில மாதங்கள் முன்பே வேறு மருந்துக்கு மாற வேண்டும், அதையும் டாக்டர்தான் மாற்ற வேண்டும். பக்கத்தில் இருந்த பெண்ணுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறதாம். அவள் பேரைக் கூப்பிட்டதும், "பொட்டலத்தைக் காட்டு, அப்படியே இதையும் சொல்லிடும்மா" என்று சொல்லி உள்ளே அனுப்பினேன்.