தேங்காய்த் தண்ணீரில் வினாகிரி: முதன்முதலாகச் செய்பவர்களுக்கு

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வந்தால் எங்கள் மட்டக்களப்புப் பக்கம் தேங்காய் உடைபடுவதற்குக் கணக்கே இல்லை. தண்ணீர் பெரும்பாலும் முற்றத்து மணலுக்குத்தான் போகிறது. எனக்கு அது மனம் பொறுப்பதில்லை. இரண்டு மாதம் பொறுத்தால் அச்சாறுக்கு அருமையான வினாகிரி அதிலேயே கிடைக்கும்.

முதலில் ஈஸ்ட் சீனியை எதனோல் என்ற மதுசாரம் ஆக்கும். அப்புறம் பற்றீரியா அந்த எதனோலை, வினாகிரிக்குப் புளிப்பைத் தரும் அசற்றிக் அமிலமாக மாற்றும். கள் நாள்பட்டால் புளிப்பதும் இப்படித்தான்.

முற்றிய தேங்காயின் தண்ணீர் 1 லீற்றர், சீனி 100 கிராம் எடுங்கள். வடித்து, சீனியைக் கரைத்து, எவர்சில்வர் சட்டியில் ஒரு கொதி வரவிடுங்கள். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரித்துவிடும். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் பாணுக்குப் போடும் ஈஸ்ட் கால் தேக்கரண்டி தூவி, கண்ணாடிச் சாடியில் முக்கால்வாசி ஊற்றுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். வாயு அடைபட்டால் சாடி வெடிக்கும்.

ஒரு வாரத்தில் குமிழி அடங்கும். 100 கிராம் சீனியிலிருந்து கணக்குப்படி கிடைக்கக்கூடிய எதனோல் சுமார் 54 கிராம். இதைக் காய்ச்சி வடிக்க நினைக்காதீர்கள், அது கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், சட்டப்படி குற்றம்.

சரி, இனித்தான் முக்கியமான கட்டம். அடிமண்டியை விட்டுத் தெளிவை மட்டும் வாய் அகன்ற சாடிக்கு மாற்றி, சூடாக்காத இயற்கைத் தென்னை வினாகிரி 250 மில்லிலீற்றர் சேருங்கள். கடையில் விற்கும் செயற்கை வினாகிரியில் உயிருள்ள பற்றீரியா இல்லை, அது உதவாது. முதல் தடவை நான் இந்தக் கட்டத்திலும் மூடி போட்டு வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் கள் வாடைதான், புளிப்பே இல்லை. இந்தப் பற்றீரியாவுக்குக் காற்று கட்டாயம் வேண்டும். ஆகவே மெல்லிய பருத்தித் துணியை இரண்டாக மடித்து, பழ ஈ நுழையாமல் கட்டி, வெயில் படாத மூலையில் வையுங்கள். ஆட்டவோ கிளறவோ வேண்டாம்.

சில வாரத்தில் மேலே இளநீர் வழுக்கை போல வழுவழுவென்று ஒரு தோல் படியும். பயப்படாதீர்கள், அதுதான் வினாகிரித் தாய். பச்சையாக, கறுப்பாகப் பஞ்சு போலப் பூத்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இரண்டு மாதத்தில் கள் வாடை போய், மூக்கில் ஏறும் புளிப்பு வந்திருக்கும். அமிலம் 4 சதவீதமாவது இருந்தால்தான் வினாகிரி. வீட்டில் அளக்க வழியில்லாததால், இதில் போடும் அச்சாறைக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வையுங்கள். தாயையும் ஒரு கோப்பை வினாகிரியையும் அடுத்த தடவைக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை வடித்து, கொதிக்கவிடாமல் 70 பாகை வரை சூடாக்கிப் போத்தலில் அடையுங்கள்.